ஏப்ரல் முதல் வாரம், கேமராவோடு ஆனைமலை: கேள்வி பதில்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை, அங்கிருந்து இறங்கி உடுமலை, சின்னார், மறையூர், மூணாறு. சொந்தக் காரில் நான்கு நாள் போய்ப் படம் எடுத்து வர நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

மார்ச் கடைசியா, ஏப்ரலா, மேயா? எப்போது கிளம்பலாம் அண்ணா?

ஏப்ரல் முதல் பத்து நாள். வரையாடு குட்டி போடும் பருவம் என்பதால் இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாக பிப்ரவரி, மார்ச் முழுக்க மூடிவிடுவார்கள். ஏப்ரலில் திறந்ததும் போனால் தாயோடு குட்டிகளும் கிடைக்கும். மறையூர்–மூணாறு சாலையில் ஜகரண்டா ஊதாவாகப் பூத்து நிற்பதும் அந்தச் சமயம்தான். பள்ளித் தேர்வு முடியாததால் கூட்டமும் குறைவு. புனித வெள்ளி, சித்திரை ஒன்று, விஷு ஆகிய நாட்களை மட்டும் தள்ளிவையுங்கள். மே மாதம் வேண்டவே வேண்டாம், வளைவுக்கு வளைவு வண்டி நிற்கும்.

மேப்பில் வால்பாறையும் மூணாறும் பக்கத்தில் இருக்கிறதே, குறுக்கு வழி உண்டா?

கிடையாது. நடுவில் இருப்பது புல்மலைக் காடு, வாகனப் பாதை இல்லை. ஆழியாறுக்கு இறங்கி, உடுமலை போய், சின்னார் வழியாக ஏற வேண்டும். ஏறக்குறைய 160 கி.மீ., நிறுத்தி நிறுத்திப் போனால் ஒரு பகல். இதை அரை நாள் என்று கணக்குப் போடுகிறவர்கள்தான் சின்னாரில் இருட்டி மாட்டுகிறார்கள்.

நான்கு நாளில் டாப்ஸ்லிப், அதிரப்பள்ளி, வட்டவடை எல்லாம் சேர்த்துவிடலாமா சார்?

சேர்த்தால் பத்து இடத்தில் உச்சிவெயில் படம்தான் மிஞ்சும். ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் உதிப்பது சுமார் 6.15, மறைவது 6.30. படத்துக்கு ஆகும் வெளிச்சம் காலை ஒன்பது வரை, மாலை நாலரைக்கு மேல். ஊர்களை எண்ணாமல் காலைகளை எண்ணுங்கள். நான்கு காலை கையில் இருக்கிறது: இரண்டு வால்பாறைக்கு, ஒன்று மறையூர்ப் பக்கம், ஒன்று இரவிகுளம். இடம் மாறுவதையும் சாப்பாட்டையும் தூக்கத்தையும் பத்து மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரே இடத்துக்கு இரண்டாம் நாள் போகும்போதுதான் எந்த மரத்தில் என்ன வருகிறது என்பது பிடிபடும்.

வால்பாறை மலைப்பாதையில் எங்கே நிறுத்தலாம்?

ஆழியாறிலிருந்து மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு, எண் எழுதியிருக்கும். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். வரையாடு சாலையோரச் சுவரிலேயே வந்து நிற்பதற்குப் பேர்போன இடம். காலையில் முதல் ஆளாகச் செக்போஸ்ட்டைத் தாண்டினால் ஆட்டையும் கீழே தெரியும் ஆழியாறு அணையையும் சேர்த்து எடுக்கலாம். வெயில் ஏறினால் சமவெளி வெளுத்துவிடும். 200 மி.மீ. லென்ஸ் போதும், தள்ளி நின்றாலே சட்டகம் நிறையும். பிஸ்கட் நீட்டாதீர்கள். வளைவில் நிறுத்தாதீர்கள், அகலமான இடத்தில் போட்டுவிட்டு நடந்து வாருங்கள். கீழே குரங்கு அருவிப் பக்கம் ஜன்னலை ஏற்றியே வைத்திருங்கள்.

இருவாச்சி எடுக்க ஆசை. கூடு இருக்கும் இடம் சொல்வீர்களா?

சொல்ல மாட்டேன், தெரிந்தவரிடம் கேட்கவும் வேண்டாம். இந்த மாதங்களில் பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொண்டு குஞ்சோடு இருக்கும். சிறு பிளவு வழியே ஆண் கொடுக்கும் பழம்தான் அதன் பிழைப்பு. மரத்தடியில் நாலு பேர் நின்றால் ஆண் கிட்டே வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே இரண்டு உயிர் பட்டினி.

அதற்குப் பதிலாகப் பழுத்த அத்தி, ஆல் வகை மரத்தைத் தேடுங்கள். தேயிலைத் தோட்டச் சாலையோரத்தில் பெரிய மரங்கள் விடப்பட்டிருக்கின்றன. காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள், நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளிக் காத்திருங்கள். பறவை தெரியும் முன்பே சிறகொலி கேட்கும், உஸ்… உஸ்… என்று சைக்கிள் பம்ப் அடிப்பதுபோல. நாலைந்து அடி அடித்துவிட்டுச் சிறகை விரித்து மிதக்கும். அந்த மிதப்பில் அழுத்துங்கள். ஷட்டர் 1/2000 நொடி, ஆட்டோ ஐஎஸ்ஓ, வெளுத்த வானம் பின்னணி என்றால் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) +1. கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சிவப்பு என்றால் ஆண், வெள்ளை என்றால் பெட்டை. இந்தப் பருவத்தில் வெளியே பறப்பது பெரும்பாலும் சிவப்புக் கண்தான்.

சிங்கவால் குரங்கு, காட்டுமாடு இரண்டுமே படத்தில் சாம்பல் பூத்தாற்போல வருகின்றன. ஏன்?

கேமரா கறுப்பைப் பார்த்து இருட்டென்று நினைத்து வெளிச்சத்தை ஏற்றுகிறது. விலங்கு சட்டகத்தை அடைத்திருந்தால் எக்ஸ்போஷரை −0.7 அல்லது −1 வைத்து, ரா (RAW) கோப்பாக எடுத்து, நிழலைப் பிறகு கொஞ்சம் தூக்குங்கள். குரங்கின் வெள்ளிப் பிடரியில் மயிர் மயிராகத் தெரிகிறதா என்று பாருங்கள், அதுதான் அளவுகோல். சிங்கவாலுக்கு வால்பாறை ஊரையொட்டிய புதுத்தோட்டம். காட்டுமாடு மாலையில் தேயிலைச் சரிவில் மேயும். காரை விட்டு இறங்க வேண்டாம்.

600 மி.மீ. லென்ஸ் புதுசு. பத்து மணிக்கு மேல் எடுத்த எதுவும் ஷார்ப்பாக இல்லை. சர்வீஸுக்குக் கொடுக்கட்டுமா?

கொடுக்காதீர்கள், குற்றம் காற்றில் இருக்கிறது. வெயிலில் சுட்ட தார்ச்சாலைக்கும் பாறைக்கும் மேல் காற்று கொதித்து அலையும். அதன் ஊடே எண்பது மீட்டர் தாண்டி எடுத்தால் எந்த லென்ஸும் மெழுகுபோலத்தான் வரையும். சின்னாரில் இது ரொம்ப மோசம், மழைமறைவுப் பகுதி அல்லவா. சந்தேகம் தீர, காலை ஏழு மணிக்கு இருபது மீட்டரில் ஒரு மரப்பட்டையை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. ஏசி ஓடும் காரில் ஜன்னலைப் பாதி இறக்கி எடுப்பீர்கள். குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் லென்ஸ் வாயிலேயே கலந்து அதே அலையை உண்டாக்கும். ஐந்து நிமிடம் முன்பே ஏசியை நிறுத்தி நான்கு ஜன்னலையும் இறக்குங்கள். இன்ஜினையும் அணைக்க வேண்டும், அந்த நடுக்கம் 1/500-இல்கூடத் தெரியும். ஜன்னல் விளிம்பில் இரண்டு கிலோ அரிசி அடைத்த துணிப்பை போடுங்கள், முக்கால் பங்கு மட்டும் நிரப்பினால்தான் லென்ஸ் அமுங்கி உட்காரும்.

சின்னாரில் என்ன கிடைக்கும்?

நரை அணில். ஆற்றங்கரை மருத மரங்களில் பாருங்கள். ஏப்ரலில் மற்ற மரங்கள் இலை உதிர்த்து நிற்பதால் பார்வை தூரம் போகும். யானை சாலையைக் கடக்கும். நூறு மீட்டர் முன்பே நிறுத்துங்கள், ஹாரன் வேண்டாம், பின்னால் வருபவருக்கும் கை காட்டுங்கள். காது விரிந்து வால் தூக்கியிருந்தால் கேமராவைக் கீழே வைத்துவிட்டு மெல்லப் பின்வாங்குங்கள். காட்டுச் சாலையில் இறங்கி நின்றால் அபராதம்.

தூரத்து மலையெல்லாம் மங்கலாக இருக்கிறது. ஃபில்டர் போட்டால் சரியாகுமா?

கோடை மூட்டத்தை ஃபில்டர் முழுக்க நீக்காது. போலரைசர் என்னும் ஃபில்டர் தேயிலை இலையின் மினுக்கத்தைக் குறைத்துப் பச்சையைக் காட்டும், ஆனால் ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கு மேல் வெளிச்சத்தைத் தின்னும். 24 மி.மீ.க்குக் குறைந்த அகல லென்ஸில் போட்டால் வானம் ஒரு பக்கம் கறுத்துவிடும். கோடை மழை ஒன்று பெய்தால் மறுநாள் காலை மலை கழுவிவிட்டதுபோல் இருக்கும், அந்தக் காலையைத் தூங்கிக் கழிக்காதீர்கள். மழை பெய்து எட்டுப் பத்து நாளில் காப்பிச் செடி வெள்ளையாகப் பூக்கும், மூன்று நாலு நாளில் வாடிவிடும். தங்குமிடத்தில் விசாரித்து வையுங்கள்.

குறிஞ்சி?

மூணாறில் 2018-இல் பூத்தது. அடுத்தது 2030, அதுவும் ஆகஸ்டுக்கு மேல்.

டிரோன் கொண்டுவரலாமா?

வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். புலிகள் காப்பகத்தின் மேல் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது.

மலைப்பாதை ஓட்டிப் பழக்கமில்லை. வண்டிக்கு என்ன பார்க்க வேண்டும்?

பிரேக் பேட், பிரேக் ஆயில், ஸ்டெப்னியில் காற்று. பொள்ளாச்சியில் டேங்க்கை நிரப்புங்கள். ஏறின கியரிலேயே இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கினால் பேட் சுட்டு, ஆயில் கொதித்து, இருபதாவது வளைவில் பெடல் பஞ்சுபோல் அமுங்கும். கருகின வாடை வந்தால் ஓரமாக அரை மணி நிறுத்துங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஏறுகிற வண்டிக்கு வழிவிடுங்கள். வால்பாறைக்கு 2025 நவம்பர் முதல் இ-பாஸ் வேண்டும், கிளம்பும் முன் எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் செக்போஸ்ட்டில் எடுத்துக்கொள்வார்கள்.