புருஷ்குஃப் வழியாகவும் போகலாம்

போன வாரம் போலந்தின் வார்சாவிலிருந்து ஓர் அம்மா வீடியோ காலில் பேசினார். ஐடி வேலைக்காகப் போன குடும்பம், ஒன்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறார்கள். பதினேழு வயது மகனை ஒரு பெரிய கிளப்பின் கால்பந்து அகாடமி, "அடுத்த சீசனுக்கு வேண்டாம்" என்று அனுப்பிவிட்டது. பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை. இதற்கு நடுவில் திருச்சியிலிருந்து நாத்தனார் தினமும் போன் போடுகிறாராம். "விளையாடினது போதும். அங்கேயே எம்பிபிஎஸ் சேர்த்துவிடு, இங்கிருந்து பிள்ளைகள் போலந்துக்குப் போய்ப் படிக்குதே!"

அழுதுகொண்டே பேசியதால் முதல் ஐந்து நிமிஷம் ஆறுதல் சொன்னேன். அதற்குப் பிறகு சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அம்மா, முதலில் கணக்கைப் பாருங்கள். போலந்தில் ஆங்கில வழி மருத்துவம் ஆறு வருஷம். ஆண்டுக்கட்டணம் பொதுவாக 10,000 யூரோவுக்கு மேல். அதற்குத்தான் திருவெறும்பூர் மனையை விற்கலாமா என்று கேட்டீர்கள். விற்கக் கூடாது. நாளைக்கு அவன் இந்தியாவில் டாக்டராக வேலை பார்க்க வேண்டுமென்றால் நீட் தேறியிருக்க வேண்டும், திரும்பி வந்து வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான தேர்வையும் எழுத வேண்டும். உங்கள் நாத்தனார் இதில் ஒன்றையாவது சொன்னாரா? உயிரியல் பற்றிக் கேட்டபோது பையன் உங்கள் முகத்தைத்தான் பார்த்தான். மனையை விற்று ஆறு வருஷத்தை வாங்கிக் கொடுத்தாலும் அந்தப் பார்வை மாறாது.

இப்போது கால்பந்துக்கு வருகிறேன். பெரிய கிளப் வேண்டாமென்றதும் கதை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். நீங்கள் இருக்கும் ஊரிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. போலந்துக் கால்பந்து வீரர் ராபர்ட் லெவாண்டோவ்ஸ்கியை எல்லோருக்கும் தெரியும். 2020-21 சீசனில் 41 கோல் போட்டு, கெர்ட் முல்லரின் 40 கோல் ஜெர்மன் லீக் சாதனையை முறியடித்தவர். அந்தப் புகழை விடுங்கள், உங்களுக்கு வேண்டியது 2006. அப்பா இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. லெகியா வார்சாவின் இரண்டாம் அணியில் காயத்தோடு இருந்தவரை அந்த கிளப் வைத்துக்கொள்ளவில்லை. வயது பதினேழு முடிந்து பதினெட்டு. உங்கள் மகன் வயதுதான்.

அவர் போய்ச் சேர்ந்தது ஸ்நிச் புருஷ்குஃப் என்ற கிளப்பில். புருஷ்குஃப் வார்சாவை ஒட்டிய சின்ன ஊர். போலந்துக்காரர்களிடம் புருஷ்குஃப் என்றால் தொண்ணூறுகளின் ரவுடிக் கும்பலைச் சொல்வார்கள், வயதானவர்கள் பென்சில் தொழிற்சாலையைச் சொல்வார்கள். கால்பந்தைச் சொல்ல ஆள் குறைவு. அணி அப்போது மூன்றாம் நிலை லீக்கில் இருந்தது. முதல் சீசனில் 15 கோல், அந்த லீக்கிலேயே அதிகம். அணி மேலே ஏறியது. அடுத்த சீசன் இரண்டாம் நிலையில் 21 கோல், அங்கேயும் அவர்தான் முதலிடம். 2008-ல் முதல் லீக் கிளப்பான லெக் போஸ்னான் சுமார் 15 லட்சம் ஸ்வோட்டி (போலந்துப் பணம்) கொடுத்து வாங்கியது. 2010-ல் 18 கோலோடு நாட்டின் முதல் லீக்கில் முதலிடம், அணிக்கு சாம்பியன் பட்டம், அப்புறம் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் கிளப்.

இதைச் சொல்வது உங்கள் மகனும் லெவாண்டோவ்ஸ்கி ஆவான் என்பதற்காக இல்லை. ஆகமாட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் காட்ட வருவது அந்த இரண்டு வருஷத்தில் நடந்த ஒரே ஒரு காரியத்தை. அவர் வாராவாரம், வளர்ந்த ஆட்களுக்கு எதிராக, முழு ஆட்டம் ஆடினார். பெரிய அகாடமியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அது கிடைக்காது. போலந்து தேசிய அணிக்கு ஆடிய யாகுப் பிவாஷ்சிகோவ்ஸ்கியும் செஸ்டோகோவா ஊரில் நான்காம் நிலை அணியில் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் விஸ்வா கிராகுஃப் என்ற பெரிய கிளப்பின் கண்ணில் பட்டார். பேர் பெற்ற அகாடமியின் ஜெர்சி போட்டோவில் நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

அந்த மாதிரி கிளப்பில் சம்பளம் என்ற பேச்சே பெரிதாக இருக்காது. கூட ஆடுகிறவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்க்கிறவர்கள். பயிற்சி சாயங்காலம், ஆட்டம் வாரக் கடைசியில். அதனால் பள்ளிக்கூடம் கெடாது, வீட்டுச் சாப்பாடு, செலவு ரயில் டிக்கெட்தான். பையனிடம் "அப்படி ஒரு கிளப் பக்கத்தில் இருக்கா?" என்று கேட்டேன். எழுந்து போய் போனை எடுத்து வந்தான். எந்த ரயில், எத்தனை நிமிஷம், பயிற்சி எந்தக் கிழமை, கோச் போன வருஷம் எத்தனை சின்னப் பையன்களை முதல் அணியில் இறக்கினார், எல்லாம் குறித்து வைத்திருக்கிறான். உயிரியலுக்கு வாய் திறக்காத பிள்ளை பத்து நிமிஷம் பேசினான். நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள்?

படிப்பை விடச் சொல்லவில்லை. மத்துரா என்ற பள்ளி இறுதித் தேர்வை அவன் எழுதியே ஆக வேண்டும், அதில் பேரம் கிடையாது. அதற்குப் பிறகு வார்சாவிலேயே உடற்கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பிசியோதெரபி ஐந்து வருஷம், பயிற்சியாளர் ஆகிற பக்கமும் படிக்கலாம். நீண்டகாலக் குடியிருப்பு அட்டை உங்களிடம் இருப்பதாகச் சொன்னீர்கள். பையன் பெயரிலும் இருந்தால் அரசுப் பல்கலைக்கழகத்தில் போலிஷ் வழியில் முழுநேரப் படிப்புக்குக் கல்விக்கட்டணம் இல்லை. அவன் போலிஷ்தான் உங்களைவிட நன்றாகப் பேசுகிறானே. மனைப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். லெவாண்டோவ்ஸ்கியே ஜெர்மனியின் பயேர்ன் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த 2017-ல்தான் விளையாட்டுக் கல்லூரிப் பட்டத்தை முடித்தார், அதுவும் தன் வாழ்க்கையையே ஆய்வேட்டுப் பொருளாக எடுத்து. கொடுத்து வைத்த மாணவர்!

பணம் விஷயத்தில் இன்னொன்று. ஸ்பெயினில் ட்ரையல், ஜெர்மனியில் கேம்ப் என்று சொல்லி முன்பணம் கேட்கிற ஏஜென்ட் இனி கட்டாயம் வருவார். ஒரு ஸ்வோட்டி கொடுக்காதீர்கள். இளம் ஆட்டக்காரனை வளர்த்ததற்கு கிளப்தான் கிளப்புக்குப் பணம் கொடுக்கும், பெற்றோர் யாருக்கும் கட்ட வேண்டியதில்லை. ஒப்பந்தம் நீட்டினால் வருஷத்தைப் பாருங்கள். பதினெட்டு ஆகாதவனிடம் மூன்று வருஷத்துக்கு மேல் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது ஃபிஃபா விதி.

இரண்டு சீசன் கொடுங்கள். கோலை எண்ண வேண்டாம், எத்தனை ஆட்டத்தில் முதல் பதினொருவரில் இருந்தான் என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இரண்டாவது வருஷமும் பெஞ்ச்தான் என்றால் அவனே வந்து பேசுவான். அதுவரை நாத்தனார் போன் போட்டால் என் நம்பரைக் கொடுத்துவிடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

வீடியோ காலை முடிக்கப் போகும்போது பையன் ஒன்று சொன்னான். அவன் ஆடி அப்பா ஒரு மேட்ச்சைக்கூட முழுசாகப் பார்த்ததில்லையாம், பாதியில் ஆபீஸ் கால் வந்துவிடுமாம். புது கிளப்பில் முதல் ஆட்டத்துக்கு அவரை அனுப்புங்கள். பிளாஸ்கில் டீ கொடுத்துவிடுங்கள், அங்கே குளிரும். அவர் போனை மட்டும் வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.