வயிறும் வலிப்பும்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டு ஜிம்மி ஐந்து வயது ஆண் பொமரேனியன். எடை 5 கிலோ. சென்ற ஆண்டு வலிப்பு வந்ததிலிருந்து காலையும் இரவும் பினோபார்பிட்டோன் மாத்திரை கொடுத்து வருகிறோம். வலிப்பு நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் பசி அடங்குவதே இல்லை, குப்பைக்கூடையைக்கூட விட்டுவைப்பதில்லை. விடியற்காலையில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுக்கிறது. சில நாள்களில் பேதியும் ஆகிறது. போன மாதம் பேதி அதிகமானபோது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு, மெட்ரோனிடசோல் 400 மி.கி. மாத்திரையில் பாதியை இரு வேளையும் ஒரு வாரம் கொடுத்தோம். பேதி நின்றது; ஆனால் நடை தள்ளாடியது. வலிப்பு மாத்திரைதான் வயிற்றைக் கெடுக்கிறது என்று எண்ணி அதை நிறுத்தினோம். மூன்றாம் நாள் இரவு இரண்டு முறை வலிப்பு வந்துவிட்டது. மாமியார் இரும்புச் சாவியைக் காலில் வைத்து அழுத்தினார். இப்போது மாத்திரையை மீண்டும் தொடங்கிவிட்டோம். இரண்டு தொல்லைகளையும் எப்படிச் சேர்த்துச் சமாளிப்பது? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: மாத்திரையை மீண்டும் தொடங்கியது சரி. எந்தக் காரணத்துக்காகவும், வயிறு எவ்வளவு கெட்டிருந்தாலும், பினோபார்பிட்டோனை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. மாதக்கணக்கில் அந்த மருந்துக்குப் பழகிய மூளை, திடீரென்று அது கிடைக்காமல் போகும்போது முன்பிருந்ததைவிடக் கடுமையான வலிப்புக்கு ஆளாகும். உங்கள் ஜிம்மிக்கு மூன்றாம் நாள் இரவில் நடந்தது அதுவாகவே இருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் இரண்டு முறை வலிப்பு வந்தால் அதைத் தொடர் வலிப்பு என்று கருதி, நாய் தெளிந்து வாலாட்டினாலும்கூட, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அடுத்து, தள்ளாட்டம். மனிதர்களுக்கான 400 மி.கி. மாத்திரையில் பாதி என்பது 200 மி.கி.; இரு வேளைக்கு 400 மி.கி. ஐந்து கிலோ நாய்க்கு அது ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 80 மி.கி. ஆகிறது. நாங்கள் வழக்கமாக எழுதிக்கொடுப்பது வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரைதான். நாளொன்றுக்குக் கிலோவுக்கு 60 மி.கி. அளவைத் தாண்டினால் மெட்ரோனிடசோல் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் வாய்ப்பு அதிகம். நடை தள்ளாடும், தலை ஒரு பக்கம் சாயும், கண்மணிகள் இப்படியும் அப்படியும் துடிக்கும், வலிப்பே கூட வரலாம். ஏற்கெனவே வலிப்புள்ள நாய்க்கு இது எவ்வளவு பொருந்தாத மருந்தளவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலான நாய்கள் சில நாள்கள் முதல் ஓரிரு வாரங்களுக்குள் தேறிவிடும் என்பது ஆறுதல். பேதியை நிறுத்தும் மாத்திரைதானே என்று எண்ணும் பழக்கம் பெரிய நாய்களிடம் சில நேரம் தப்பித்துக்கொள்ளும். ஐந்து கிலோ உடம்பில் தப்பாது.

இனி வயிற்றுக்கு வருவோம். மாத்திரைதான் வயிற்றைக் கெடுக்கிறது என்று நீங்கள் எண்ணியதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அது நேர்வழியில் நடப்பதில்லை. பினோபார்பிட்டோன் பசியையும் தாகத்தையும் கூட்டும். பசித்த நாய் குப்பைக்கூடையைக் கிளறும், சாப்பாட்டு மேசைக்கு அடியில் தவம் கிடக்கும். வீட்டாரும் இரக்கப்பட்டு முறுக்கு, பிஸ்கட், ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பில் ஊறிய எலும்பு என்று போட்டுவிடுவார்கள். வயிறு கெடுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். எனவே மூடியுள்ள குப்பைக்கூடை ஒன்றை வாங்குவதும், வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே ஒருவர்தான் சோறு வைப்பது என்று ஒப்புக்கொள்வதும், எந்தச் செரிமான டானிக்கையும்விட அதிக பலன் தரும்.

கொழுப்பைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். சிறிய இன நாய்களுக்குக் கணைய அழற்சி எளிதில் வரும். வலிப்பு மருந்துகளில் பினோபார்பிட்டோனும், அதைவிடக் கூடுதலாகப் பொட்டாசியம் புரோமைடும் அந்த ஆபத்தோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. நாய் முன்னங்கால்களை நீட்டி மார்பைத் தரையில் வைத்து, பின்புறத்தை மட்டும் தூக்கியபடி நின்றாலோ, வயிற்றைத் தொட்டால் சிணுங்கினாலோ, தண்ணீர் குடித்தாலும் வாந்தி எடுத்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். இரத்தத்தில் கணைய லைபேஸ் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

விடியற்காலை மஞ்சள் நுரை வேறு சங்கதி. இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட நாய்க்கு மறுநாள் காலை எட்டு மணிக்குத்தான் அடுத்த உணவு என்றால், காலியாகக் கிடக்கும் இரைப்பைக்குள் பித்தம் ஏறி அதைப் புண்படுத்தும். ஒரு நாளைக்கான உணவின் மொத்த அளவைக் கூட்டாமல் நான்காகப் பிரித்து, கடைசிப் பங்கைப் படுக்கப் போகும் முன் கொடுத்துப் பாருங்கள். பல நாய்களுக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கிறது. இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

பேதியான நாள்களில் தோல் நீக்கி, உப்பு, மசாலா, எண்ணெய் இல்லாமல் வேகவைத்த கோழிக்கறி ஒரு பங்கு, குழைய வேகவைத்த சோறு இரண்டு பங்கு என்று கலந்து சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். பால் வேண்டாம். தயிர்சோறு தினமும் சாப்பிட்டுப் பழகிய நாயென்றால் சிறிதளவு தயிர் கெடுதல் செய்யாது. பெரிய நாய்க்குச் சொல்வதைப் போல ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடுவது சிறிய நாய்க்குச் சரிப்படாது. குறிப்பாகக் குட்டிகளுக்குச் சில மணி நேரம் சாப்பிடாவிட்டாலே இரத்தச் சர்க்கரை இறங்கி, அதனாலேயே வலிப்பு வரக்கூடும். இரத்தத்தோடு பேதியானாலும், மலம் கறுப்பாகத் தார் போல இருந்தாலும், ஈறு வறண்டு பிசுபிசுத்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டியதுதான்.

மாத்திரை கொடுத்த உடனேயே வாந்தி எடுத்து, அதில் மாத்திரை முழுதாகக் கிடப்பதைக் கண்டால் உங்கள் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு மறுபடியும் கொடுக்கலாம். மாத்திரை கண்ணில் படவில்லை என்றால் நீங்களாக இரட்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். அடுத்த வேளை மாத்திரையை உரிய நேரத்தில் கொடுங்கள். தொடர்ந்து இரண்டு வேளை மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் ஊசி வழியாக மருந்து செலுத்த வேண்டிவரும். மாத்திரையை இட்லித் துண்டில் பொதிந்து கொடுப்பது நல்ல வழி. நெய்யிலோ வெண்ணெயிலோ புரட்டிக் கொடுப்பது மேலே சொன்ன கணையக் காரணத்தால் ஆகாது.

இரும்புச் சாவியால் வலிப்பு நிற்பதில்லை; பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடுவதால் சாவிக்கு அந்தப் பெயர் கிடைத்துவிடுகிறது. சாவியால் பெரிய கேடு இல்லை. கேடு விளைவது அதைக் கொண்டு வாய்க்கு அருகில் போகும் கைக்குத்தான். நாய் தன் நாக்கை விழுங்கிவிடாது. அதன் வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ எதையும் விடாதீர்கள். சோபாவில் இருந்தால் தரையில் இறக்கி, மேசைக்கால், படிக்கட்டு போன்றவற்றிலிருந்து விலக்கி, விளக்கையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடல் வெப்பம் ஏறிக்கொண்டே போகும் என்பதால், வழியில் ஈரத்துணியால் வயிற்றையும் பாதங்களையும் துடைத்தபடி அழைத்துச் செல்லுங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அவசரத்துக்கு ஆசனவாய் வழியே வைக்கும் டயசெபம் மருந்தை உங்கள் மருத்துவரிடம் கேட்டு, அளவை எழுதி வாங்கி வீட்டில் வைத்திருப்பது உங்களைப் போன்றவர்களுக்கு மிகவும் உதவும்.

இனி, ஒரு நாள்காட்டியில் மூன்றை மட்டும் குறித்து வாருங்கள்: வலிப்பு வந்த நேரம், வாந்தி அல்லது பேதி ஆன நேரம், அன்று தின்றது என்ன. பேதியாகி அடுத்த நாள் வலிப்பு வருகிறதென்றால் மருந்து உடம்பில் சேராமல் போகிறதா என்று பார்ப்போம். வலிப்பு வந்த பிறகு ஓரிரு முறை வாந்தி எடுக்கிறதென்றால் அது பெரும்பாலும் வலிப்பின் பின்விளைவு, வயிற்றுக்குத் தனி மருத்துவம் வேண்டியதில்லை. இரண்டும் சாப்பிட்ட சிறிது நேரத்தில் வருகிறதென்றால் கல்லீரலைப் பார்ப்போம். எது முன்னால் வந்தது என்பது தெரியாமல் எவ்வளவு பரிசோதனை செய்தாலும் குழப்பம்தான் மிஞ்சும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் பினோபார்பிட்டோனின் அளவையும் கல்லீரலின் செயல்பாட்டையும் பார்க்க வேண்டும். அறிக்கையில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்னும் நொதி மட்டும் கூடுதலாக இருப்பதைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இந்த மருந்தால் அது ஓரளவு ஏறுவது இயல்பு. கல்லீரல் உண்மையிலேயே தளர்ந்திருந்தால் லெவெடிரசெட்டம் போன்ற மருந்துக்குப் படிப்படியாக மாற்ற முடியும். அதை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தவறாமல் கொடுக்க வேண்டும் என்பதுதான் அதிலுள்ள சிரமம். பொட்டாசியம் புரோமைடு கொடுக்க நேர்ந்தால் கருவாடு, அப்பளம், ஊறுகாய் பிசைந்த சோறு எல்லாம் அறவே கூடாது. உப்பு கூடினால் அந்த மருந்து சிறுநீரில் வேகமாக வெளியேறி, வலிப்பு திரும்பிவிடும்.

கேள்வி: வலிப்புள்ள நாய்க்குத் தேங்காய் எண்ணெய் நல்லது என்கிறார்களே, தினமும் ஒரு கரண்டி ஊற்றலாமா? – ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம். நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்கள் சேர்த்துத் தயாரித்த சிறப்பு உணவு சில நாய்களுக்கு வலிப்பைக் குறைத்ததாக 2015-இல் லண்டன் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியினர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த நாய்கள் வலிப்பு மருந்தையும் தொடர்ந்து உட்கொண்டுதான் வந்தன. அந்த உணவில் முக்கியமாகக் கருதப்படுவது கேப்ரிக் அமிலமும் கேப்ரிலிக் அமிலமும். தேங்காய் எண்ணெயில் அதிகம் இருப்பது லாரிக் அமிலம்தான். சிறிய நாய்க்குத் தினமும் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினால் வலிப்பு குறைகிறதோ இல்லையோ, பேதி நிச்சயம்.

கேள்வி: எங்கள் ஷிட்சு குட்டிக்கு ஏழு மாதம். உடன்பிறந்த குட்டிகளைவிடப் பாதி அளவுதான் இருக்கிறது. அடிக்கடி வாந்தி எடுக்கிறது. கோழிக்கறி சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் எச்சில் ஒழுக, சுவரில் தலையை முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு முறை வலிப்பும் வந்தது. வலிப்பு மாத்திரை தொடங்கலாமா? – ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: பொறுங்கள். நீங்கள் எழுதியிருப்பது, குடலிலிருந்து வரும் இரத்தம் கல்லீரலுக்குள் போகாமல் வேறொரு இரத்தக் குழாய் வழியே நேராகப் பொது ஓட்டத்தில் கலந்துவிடும் பிறவிக் குறைபாட்டின் அடையாளங்கள். புரதம் செரிக்கும்போது உண்டாகும் அம்மோனியாவைக் கல்லீரல் வடிகட்டுவதில்லை. அது மூளைக்குப் போய்விடுகிறது. யார்க்ஷயர் டெரியர், மால்டீஸ், பக், ஷிட்சு போன்ற சிறிய இனங்களில் இது அதிகம். வெறும் வயிற்றிலும், உணவு கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்தும் இரத்தம் எடுத்துப் பித்த அமில அளவைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். பிறகு ஸ்கேனில் அந்தக் குழாயைத் தேடுவார்கள். கல்லீரலே வேலை செய்யாத குட்டிக்குப் பினோபார்பிட்டோன் கொடுப்பது மேலும் சிக்கலாகும். அம்மோனியாவைக் குறைக்கும் லாக்டுலோஸ் திரவமும், மருத்துவர் வகுக்கும் புரதக் கட்டுப்பாடுள்ள உணவும் பெரும்பாலான குட்டிகளைச் சில நாள்களிலேயே நல்ல நிலைக்குக் கொண்டுவருகின்றன. அறுவை சிகிச்சைக்கு ஏற்றதா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஆலோசனை பெறுங்கள். திருப்பூரிலிருந்து நாமக்கல் அருகில். வாந்திக்கும் வலிப்புக்கும் தனித்தனியாக எழுதிய மருந்துச் சீட்டுகள் அனைத்தையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். சுவரில் முட்டி நிற்பதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு அரை மணி நேர விளக்கம் மிச்சம்.

கேள்வி: தெருவிலிருந்து எடுத்து வந்த மூன்று மாதக் குட்டிக்குச் சளியும் பேதியும் இருந்து சரியாகிவிட்டன. இரண்டு வாரம் கழித்து, எதையோ மெல்வது போல வாயை அசைத்தபடி நுரை தள்ளுகிறது. ஒரு கால் துடித்துக்கொண்டே இருக்கிறது. தடுப்பூசி எதுவும் போடவில்லை. வீட்டில் இன்னொரு பெரிய நாயும் உண்டு. – ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: தடுப்பூசி போடாத குட்டியிடம் முதலில் சளியும் பேதியும், பிறகு மெல்லுவது போன்ற வலிப்பும் கால் துடிப்பும் வந்தால் டிஸ்டெம்பர் நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த வைரஸை அழிக்கும் மருந்து இல்லை. வலிப்பைக் கட்டுப்படுத்தி, நீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால் சில குட்டிகள் கால் துடிப்போடு பிழைத்துக்கொள்கின்றன; நரம்பு மண்டலம் வரை வந்த பிறகு பல குட்டிகள் பிழைப்பதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெறிநோயின் தொடக்கத்திலும் எச்சில் ஒழுகலும் வலிப்பும் வரும் என்பதால், உறுதியாகும் வரை வெறும் கையால் வாயருகே தொடாதீர்கள்; யாரையாவது கடித்திருந்தாலோ புண்ணில் எச்சில் பட்டிருந்தாலோ அந்த இடத்தைச் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு இன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டிஸ்டெம்பர் மனிதர்களுக்குத் தொற்றாது. பெரிய நாய்க்குத் தொற்றும். குட்டியைத் தனி அறையில் வைத்து, தட்டு, துணி எல்லாவற்றையும் பிரித்துவிடுங்கள். பெரிய நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்து, டிஸ்டெம்பர் அடங்கிய கூட்டுத் தடுப்பூசியும் வெறிநோய்த் தடுப்பூசியும் தவணை தப்பியிருந்தால் மருத்துவரைக் கேட்டு உடனே போடுங்கள்.