கிழித்த டிக்கெட்டுக்கு உயிர் உண்டு

கேள்வி: அமெரிக்க நண்பர் ஒருவரை வீட்டு விருந்துக்கு அழைத்தேன். 'ரெயின் செக் எடுத்துக்கொள்ளட்டுமா?' என்று பதில் எழுதியிருக்கிறார். வர விருப்பமில்லை என்கிறாரா? விருந்துக்கும் மழைக்கும் என்ன தொடர்பு?

பதில்: மறுக்கவில்லை. இன்னொரு நாள் வருகிறேன், அந்த அழைப்பை எனக்காக வைத்திருங்கள் என்று கேட்கிறார்.

இந்த 'செக்' வங்கிக் காசோலை அல்ல. பேஸ்பால் டிக்கெட்டின் கிழித்த துண்டு. மழையால் ஆட்டம் நின்றுபோனால், அதைக் காட்டி வேறொரு நாள் ஆட்டம் பார்க்கலாம். 1880களில் அமெரிக்க மைதானங்களில் புழங்கத் தொடங்கிய சொல் இது.

அந்தத் துண்டு பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அந்நாளில் நியூ ஆர்லியன்ஸ் நகர பேஸ்பால் அணியின் மைதானத்தில் அட்டை டிக்கெட்டை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த ஆட்டத்துக்கு மறுபடி விற்பார்கள். மழை பிடித்துக்கொண்டால் டிக்கெட்டைத் திரும்பக் கேட்டு ஒரு கூட்டம் நிற்கும். வேலி ஏறிக் குதித்தவர்களும் அதில் கலந்துவிடுவார்கள். காசு கொடுத்தவர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த அணியை நடத்திய ஏப்னர் பவல், கிழித்துக் கையில் கொடுக்கும் துண்டுடன் டிக்கெட் அச்சிட்டார் என்று பேஸ்பால் வரலாறு அவருக்குப் பெருமை சேர்க்கிறது. 1890இல் அமெரிக்க பேஸ்பால் அணிகளின் கூட்டமைப்பான நேஷனல் லீக் இந்த ஏற்பாட்டைத் தன் விதிகளிலேயே எழுதிக்கொண்டது. ஒன்பது இன்னிங்ஸில் ஐந்து முடிந்த பிறகு மழை கொட்டினால் துண்டு செல்லாது என்பது மைதானங்களின் பழைய வழக்கம்.

தள்ளுபடிப் பொருள் தீர்ந்துவிட்டால், சரக்கு வந்ததும் அதே விலைக்குத் தருகிறோம் என்று அமெரிக்கக் கடைகள் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கும் இதே பெயர்தான்.

பேச்சுவழக்கில் ஒன்று தலைகீழாகிவிட்டது, கவனித்தீர்களா? மைதானத்தில் ஆட்டத்தை நிறுத்தியவர்கள் துண்டு கொடுத்தார்கள். இங்கே வர முடியாதவரே அதைக் கேட்டு வாங்குகிறார். ஆகவே, கேட்டவருக்குத்தான் கடமை அதிகம் என்று நான் நினைக்கிறேன். சிகாகோவில் என்னுடன் வேலை பார்த்த ஒருவர், என் தேநீர் அழைப்புக்கு இப்படித்தான் சொன்னார். மூன்று வாரம் கழித்து, 'அந்த ரெயின் செக்கோடு வந்திருக்கிறேன்' என்று வாசலில் நின்றார். அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் மறக்கவில்லை.

நாகரிகமாகத் தட்டிக்கழிக்க இதைச் சொல்பவர்களும் உண்டுதான். உங்கள் நண்பரை அப்படி எண்ணிவிடாதீர்கள். 'எந்த நாள் வசதி?' என்று இன்றே எழுதுங்கள்.