ஸ்டேஷனில் கேமரா இருக்கிறது, பதிவு மட்டும் ஏன் இருப்பதில்லை?

கேள்வி இரண்டு பாகமாக வந்திருக்கிறது. காவல் நிலையங்களில் சிசிடிவி வைத்தும் லாக்கப் சாவுகள் நின்றபாடில்லையே, அதனால் பலன் ஏதாவது உண்டா என்பது ஒன்று. ஸ்டேஷனுக்குள் நாமே செல்போனில் வீடியோ எடுத்தால் கேஸ் போடுவார்களா என்பது இன்னொன்று.

நான் கீழ்க்கோர்ட்டில் கிரிமினல் வழக்குகள் பார்க்கிற வக்கீல். பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் நிற்பவன் என்பதால் என் பேச்சில் கொஞ்சம் சாய்வு இருக்கும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். கேமராவால் பலன் உண்டு. ஆனால் அந்தப் பதிவு இன்று யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்கள் கையிலேயே இருக்கிறது, அதனால் நமக்குத் தேவைப்படும் நாளில் மட்டும் அது கிடைப்பதில்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் பரம்வீர் சிங் சைனி வழக்கில் ஓர் உத்தரவு போட்டது. நீதிபதி ரோகின்டன் நாரிமன் தலைமையிலான மூன்று பேர் அமர்வு. நாட்டில் உள்ள எல்லாக் காவல் நிலையங்களிலும், வாசல், லாக்கப், நடைபாதை, வரவேற்பு, வராண்டா, இன்ஸ்பெக்டர் அறை, சப்-இன்ஸ்பெக்டர் அறை, பின்பக்கம் என்று ஓர் இடம் விடாமல் கேமரா இருக்க வேண்டும், இருட்டிலும் தெரிய வேண்டும், குரலும் பதிவாக வேண்டும். பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அந்த அளவு கொள்ளளவு உள்ள கருவி சந்தையில் கிடைக்காவிட்டால் எந்த நிலையிலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது. சிபிஐ, என்ஐஏ, அமலாக்கத்துறை அலுவலகங்களுக்கும் இதே உத்தரவுதான்.

இந்த உத்தரவில் ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கழிப்பறைக்கு வெளியே கேமரா வேண்டும், உள்ளே கூடாது. நியாயம்தானே, அங்கே யார் கேமரா வைப்பார்கள். ஆனால் தமிழ்நாட்டில் பிடிபட்டவர்களுக்குக் கை கால் உடைவது எங்கே என்று பாருங்கள், அந்த ஓர் இடத்தில்தான். "பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார்", அடுத்த நாள் மாவுக்கட்டோடு போட்டோ. 2025-ல் சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது, கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, அதே கழிப்பறைக்குப் போகும் போலீஸ்காரர்கள் விழுவதில்லையா என்று.

அதனால் நான் என்ன செய்வேன் என்றால், உள்ளே என்ன நடந்தது என்று கேட்கவே மாட்டேன். கழிப்பறைக்கு வெளியே உள்ள கேமராவின் பதிவைக் கேட்பேன். ஆள் எத்தனை மணிக்கு உள்ளே போனார், தனியாகவா, கூட எத்தனை பேர் போனார்கள், எத்தனை நிமிடம் கழித்து எப்படி வெளியே வந்தார். வழுக்கி விழுந்தது உண்மை என்றால் போலீஸ் தரப்பே அந்தப் பதிவை ஓடி வந்து காட்டியிருக்க வேண்டாமா? இதுவரை எனக்குக் காட்டியதில்லை.

சரி, பதிவு எங்கே போகிறது? நீங்கள் எந்த ஸ்டேஷனுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். நான் பார்த்த பலவற்றில் மானிட்டர் இன்ஸ்பெக்டர் நாற்காலிக்கு எதிரே, அவர் மட்டும் பார்க்கிற கோணத்தில் இருக்கும். கேமராப் படம் பதிவாகிற டிவிஆர் பெட்டி பீரோ மேலேயோ, ஸ்டேஷன் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டரின் மேஜைக்குக் கீழேயோ, பழைய கேஸ் கட்டுகளுக்கு நடுவில். பெட்டிக்குப் பூட்டு கிடையாது, சீல் கிடையாது, பாஸ்வேர்டு பேப்பரில் எழுதி அதன் மேலேயே ஒட்டியிருப்பதும் உண்டு. மனு போட்டுவிட்டு நேரில் போய் நின்றால் ரைட்டர் சொல்வார், "வக்கீல் சார், ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு, சர்வீஸுக்குச் சொல்லியிருக்கோம்." மானிட்டரில் அப்போதும் படம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், நேரலை மட்டும்.

சில நேரம் அவர் சொல்வது பொய்யே இல்லை என்பதுதான் கொடுமை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கேமரா ஒன்றுக்கு விநாடிக்கு 1 மெகாபிட் என்று சிக்கனமாக வைத்தாலே ஒரு நாளைக்கு 10 ஜிபிக்கு மேல் வரும். 16 கேமரா என்றால் நாளுக்கு 170 ஜிபி. 18 மாதத்துக்கு 90 டிபியைத் தாண்டும் (1 டிபி என்பது 1000 ஜிபி). கடைகளில் மாட்டுகிற டிவிஆரில் இருப்பது 1 டிபி அல்லது 2 டிபி. 1 டிபி ஆறு நாளில் நிரம்பி, பழையதன் மேல் புதியது தானாக ஏறிவிடும். யாரும் அழிக்க வேண்டியதே இல்லை, ஒரு வாரம் இழுத்தடித்தால் போதும். இதைத் தெரியாமல் குடும்பத்தினர் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் கட்சிக்காரர், அப்புறம் எஸ்.பி. ஆபீஸ் என்று அலைந்துவிட்டு பத்து நாள் கழித்து வக்கீலிடம் வருவார்கள்.

தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் அந்த ஒரு வார அவகாசம்கூட இல்லை. 2020 ஜூன் 19 அன்று ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி தந்தையையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். நான்கு நாட்களுக்குள் இருவரும் இறந்துபோனார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லி விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட், ஹார்ட் டிஸ்க்கில் 1 டிபி இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு தினமும் தானாக அழியும்படி செட்டிங் வைத்திருந்ததை அறிக்கையில் எழுதினார். சம்பவ நாள் பதிவே இல்லை. விசாரிக்கப் போன அவரையே ஒரு காவலர் மரியாதையில்லாமல் பேசியதும், அதன் பிறகு ஸ்டேஷனையே வருவாய்த் துறை வசம் ஒப்படைக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் பத்திரிகைகளில் வந்ததுதான். அந்த வழக்கைத் தூக்கி நிறுத்தியது அங்கே பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலரின் சாட்சி. விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக் கறை இருக்கிறது என்று அவர் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். சொல்லும்போது பயந்துகொண்டே சொன்னார், ஆனாலும் சொன்னார். கேமரா செய்ய வேண்டிய வேலையை, கூட வேலை பார்க்கிறவர்களின் மிரட்டலுக்கு நடுவில் ஒரு மனுஷி செய்ய வேண்டியிருந்தது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 105-வது பிரிவைப் பாருங்கள். போலீஸ் ஒரு வீட்டைச் சோதனை போட்டால் அதை வீடியோ எடுத்தாக வேண்டும், தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பியாக வேண்டும். அதற்கென்றே இ-சாக்ஷ்யா என்று ஒரு செயலியை அரசு செய்து கொடுத்திருக்கிறது, எடுத்த வீடியோ நேராகப் பாதுகாப்பான இடத்துக்கு ஏறிவிடும். அதாவது என் வீட்டு பீரோவைத் திறக்கும் வீடியோ ஸ்டேஷனை விட்டு வெளியே போய்விடும், என்னை லாக்கப்பில் வைத்து என்ன செய்தார்கள் என்ற வீடியோ மட்டும் செய்தவர்களின் பீரோ மேலேயே இருக்கும். இதையும் அதேபோல வெளியே, மாவட்ட நீதிமன்றம் பார்க்கக்கூடிய ஓர் இடத்தில் சேமிக்க எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. செலவு இருக்கிறது, மனசு இல்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி தானாக முன்வந்து இந்த விஷயத்தைக் கையில் எடுத்தது, ராஜஸ்தானில் சில மாதங்களுக்குள் 11 காவல் மரணங்கள் என்ற பத்திரிகைச் செய்தியைப் பார்த்துவிட்டு.

இன்னொரு ஓட்டையும் உண்டு, அதைக் கேமராவால் அடைக்கவே முடியாது. ஸ்டேஷனில் கேமரா வந்ததும் அடி ஸ்டேஷனுக்கு வெளியே போய்விட்டது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோவில் காவலாளி இறந்த கதை அதுதான். நகை காணவில்லை என்று ஒரு புகார், முறையான எஃப்ஐஆர் இல்லை, சீருடை இல்லாத ஸ்பெஷல் டீம் வந்தது, கோவிலுக்குப் பின்பக்கம் வைத்து அடித்தார்கள். 27 வயது. உடம்பில் 44 காயங்கள். அது வெளியே வந்ததற்குக் காரணம் ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்த சில விநாடி வீடியோ. ஸ்டேஷனில் நூறு கேமரா இருந்திருந்தாலும் அதில் ஒன்றும் பதிவாகியிருக்காது, ஏனென்றால் ஜி.டி. எனப்படும் பொது நாட்குறிப்பின்படி அவர் கைது செய்யப்படவே இல்லை.

போலீஸ் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஓர் இன்ஸ்பெக்டர் (பெயர் வேண்டாம்) கேமராவை மனதார வரவேற்பவர். ஸ்டேஷனுக்குள் குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்கிறவன், தன் தலையைத் தானே சுவரில் மோதிக்கொண்டு போலீஸ் அடித்ததாகச் சொல்கிறவன், இவர்களிடமிருந்து காப்பாற்றுவது அதுதான் என்பார். உண்மை. அவர் சொன்ன இன்னொரு சங்கடமும் உண்மை. பாலியல் புகார் கொடுக்க வருகிற பெண் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து பேசுவது குரலோடு பதிவாகிறது, அது கசிந்தால் யார் பொறுப்பு? பதிவு வெளியே போக வேண்டும் என்று நான் சொல்வது நீதிமன்றக் கட்டுப்பாட்டுக்கு, வாட்ஸ்அப் குரூப்புக்கு இல்லை.

உங்களுக்கோ தெரிந்தவருக்கோ இப்படி நடந்தால் செய்ய வேண்டியது: அன்றைக்கே, முடிந்தால் ரிமாண்டுக்கு (காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு) முன்பே, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடுங்கள். மொட்டையாக "சிசிடிவி" என்று எழுதாமல் எந்தக் கேமரா, எந்தத் தேதி, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்று எழுதுங்கள். ரிமாண்டின்போது மாஜிஸ்திரேட் "அடித்தார்களா" என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிற போலீஸைப் பார்த்துப் பயந்து "இல்லைங்கய்யா" என்று சொல்லிவிடுவார்கள் பாருங்கள், அந்த ஒரு வார்த்தை பின்னால் வழக்கையே சாய்த்துவிடும், அதனால் குடும்பத்தினர் முன்கூட்டியே தைரியம் சொல்லி அனுப்புங்கள். ஆர்டிஐ எனப்படும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுவதாக இருந்தால் உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும் என்று 7(1) பிரிவில் இருப்பதைக் குறிப்பிட்டுப் போடுங்கள்.

"கேமரா ரிப்பேர்" என்று பதில் வந்தால் அங்கேயே விட்டுவிடாதீர்கள். 2020 உத்தரவின்படி கேமரா வேலை செய்யாவிட்டால் நிலையப் பொறுப்பு அதிகாரி அதை உடனே மாவட்டக் கண்காணிப்புக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், பழுதாக இருந்த நாட்களில் யார் யாரைக் கைது செய்தார்கள், யார் யாரை விசாரித்தார்கள் என்ற விவரத்தையும் அனுப்ப வேண்டும். கலெக்டரும் எஸ்.பி.யும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். அந்தக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். நான் இதைக் கேட்டபோதெல்லாம் எதிர்த்தரப்பில் ஒரு நீண்ட அமைதிதான் பதில். கடிதம் இல்லை என்றால் ரிப்பேர் என்ற கதையும் நிற்காது.

இனி செல்போன் விஷயம். அலுவல் ரகசியச் சட்டம் என்று மிரட்டுவார்கள். 1923-ல் வெள்ளைக்காரன் போட்ட அந்தச் சட்டத்தில் "தடை செய்யப்பட்ட இடம்" என்ற பட்டியலில் காவல் நிலையம் வராது, அதனால் அங்கே வீடியோ எடுப்பது அந்தச் சட்டப்படி குற்றமில்லை என்று 2022-ல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை சொல்லிவிட்டது. அது நம் உயர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் காட்டிப் பேச நல்ல தீர்ப்பு. அதற்காக இன்ஸ்பெக்டர் முகத்துக்கு நேராகப் போனை நீட்டாதீர்கள், பணி செய்ய விடாமல் தடுத்ததாக வேறு பிரிவில் எழுதிவிடுவார்கள். புகார் கொடுக்க வந்திருக்கும் மற்றவர்கள், முக்கியமாகப் பெண்களும் குழந்தைகளும், படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்ததும் உடனே இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள், போனைப் பிடுங்கினால் முதலில் அழிவது அதுதான். பிற்பாடு கோர்ட்டில் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் வெட்டி ஒட்டாமல், பாட்டுச் சேர்க்காமல், எடுத்த போனிலேயே மூலத்தை அப்படியே வைத்திருங்கள்.