மா மூடையைச் சேர்ந்து வாங்கினால் மிஞ்சுமா?

கேள்வி: சிறிய வெதுப்பகம் ஒன்று நடத்துகிறேன். மாதம் 40 மூடை கோதுமை மா முடியும். அயலிலுள்ள வெதுப்பகக்காரர் ஏழு பேர் சேர்ந்து கொழும்பிலிருந்து நேரே இறக்கப் போகிறார்கள். மூடைக்கு 300 ரூபா குறையுமாம். நானும் சேரலாமா?
– வாசகர், சுன்னாகம்

பதில்: சேரலாம். ஆனால் அந்த 300 ரூபாவை அப்படியே இலாபமாக எண்ணிவிடாதீர்கள். மூடை உங்கள் களஞ்சியத்தில் இறங்கும்வரை என்ன முடிகிறது என்பதே கணக்கு.

உதாரணத்துக்கு, உள்ளூர் முகவர் மூடை 10,000 ரூபாவுக்கு, 14 நாள் கடனில், வாசலில் இறக்கித் தருகிறார் என்று வைப்போம். கூட்டாக எடுத்தால் 9,700, ஆனால் கைக்காசு. லொறிக்கூலி மூடைக்கு 150, இறக்குகூலி 30. அந்தக் காசை ஆண்டுக்கு 18 வீத வட்டிக்கு எடுத்தால் 14 நாளுக்கு 67 ரூபா. மொத்தம் 9,947. மிச்சம் வெறும் 53 ரூபா. அதுவும் லொறி நிறைந்து வந்தால்தான்: 10 தொன் லொறிக்கு 50 கிலோ மூடை 200 வேண்டும். 100 மூடையோடு வந்தால் கூலி 300 ஆகி, மூடைக்கு 97 ரூபா கைநட்டம்.

ஆகவே விலையை இன்னும் குறைக்கக் கேட்பதைவிட, அதே 14 நாள் தவணையைக் கேளுங்கள். கிடைத்தால் மிச்சம் மூடைக்கு 120, நாற்பது மூடையையும் குழுவில் எடுத்தால் மாதம் 4,800 ரூபா. பில்லும் காசோலையும் கடைக்குக் கடை தனித்தனியாக இருக்கட்டும். ஒருவர் பெயரில் எல்லோருக்கும் கடன் எடுத்தால், ஒரு காசோலை திரும்பினாலே அடுத்த லொறி வராது.

இத்தகைய குழுக்கள் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். உள்ளூர் முகவர் இரண்டு பேருக்கு மட்டும் விலையைக் குறைப்பார், அவர்கள் கழன்றுவிடுவார்கள், லொறி நிறையாது, மிச்சப் பேருக்கு விலை ஏறும். இதற்காகத்தான் ஒவ்வொருவரும் தேவையில் முக்கால்வாசியைக் குழுவில் எடுப்பதாக முதலிலேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும். மிச்சக் கால்வாசியை முகவரிடமே எடுங்கள். லொறி பிந்தும் கிழமையில் பாண் போட அவர்தான் கைகொடுப்பார்.

மாவின் வகையையும் எழுதுங்கள். பாணுக்கு ஏற்ற மாவும் கேக்குக்கு ஏற்ற மாவும் ஒன்றல்ல. மலிவென்று புரதம் குறைந்த மா வந்தால் பாண் எழும்பாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இரண்டு கிழமைக்கு மேற்பட்ட இருப்பு வேண்டாம். மரத்தட்டில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கி, முதலில் வந்ததை முதலில் எடுங்கள்.

கேள்வி: விருந்தினர் விடுதிகளுக்குச் சவர்க்காரம், படுக்கைவிரிப்பு எல்லாம் கழிவு விலையில் எடுத்துத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. சந்தாவே இல்லையாம். நம்பலாமா?
– வாசகர், நல்லூர்

பதில்: சந்தா இல்லையென்றால் வருமானம் விநியோகத்தரிடமிருந்து வருகிறது. அது தவறல்ல, மறைப்பதுதான் தவறு. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு வாங்கும் குழுக்களுக்கான விதியின்படி, விநியோகத்தர் குழுவுக்குக் கொடுக்கும் கட்டணம் கொள்வனவில் 3 வீதத்துக்குள் என்றோ, மேலென்றால் எவ்வளவு என்றோ ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும். நீங்களும் அதையே எழுத்தில் கேளுங்கள்.

நீங்கள் அதிகம் வாங்கும் பத்துப் பொருளின் பழைய பில்லைக் கொடுத்து, அதே தரத்துக்கு, 18 வீத வற் வரியும் யாழ்ப்பாணம்வரை கூலியும் சேர்த்து விலைப்புள்ளி வாங்குங்கள். வேறெங்கும் வாங்கக்கூடாது என்ற நிபந்தனையோ, 30 நாள் அறிவித்தலில் விலக முடியாத ஒப்பந்தமோ இருந்தால் கையெழுத்திட வேண்டாம்.