நீலகிரி தொகுதியில் மலை ஓட்டைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

கேள்வி: கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படுகர் கிராமம்) ஒன்றில் சிறு தேயிலை விவசாயிகள் சிலர் சேர்ந்து, பச்சைத் தேயிலை விலைக்காக எல்லாக் கட்சிக்காரர்களையும் பார்க்கப் போகிறோம். ‘மலையில் உங்களுக்கு இவ்வளவு ஓட்டு விழுந்திருக்கிறது’ என்று கணக்கோடு பேச ஆசை. 2024 மக்களவைத் தேர்தலில் எங்கள் ஊர் ஓட்டு எப்படி விழுந்தது, மலை ஓட்டு தனியாக எவ்வளவு என்பதை எங்கே பார்ப்பது? பார்த்தால் அதை வைத்து என்ன சொல்லலாம்?

பதில்: இரண்டுமே கிடைக்கும், காசு செலவில்லாமல் கிடைக்கும். தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் ‘படிவம் 20’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்று வரிவரியாக அதில் வரும். அதைத் திறப்பதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஆட்களே அடிக்கடி மறந்துபோகிற விஷயம் அது.

தொகுதியின் பெயர் நீலகிரி. ஆனால் ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் மூன்றுதான் மலையில் இருக்கின்றன: 108 உதகமண்டலம், 109 கூடலூர், 110 குன்னூர். மற்ற மூன்றும் கீழே. 107 பவானிசாகர் ஈரோடு மாவட்டம், 111 மேட்டுப்பாளையம் கோவை மாவட்டம், 112 அவினாசி திருப்பூர் மாவட்டம். 2024இல் மலைத் தொகுதி ஒவ்வொன்றிலும் வாக்காளர்கள் 2 லட்சத்தை ஒட்டித்தான். கீழே இருக்கும் மூன்றும் அதைவிடக் கணிசமாகப் பெரியவை. அதனால் ‘நீலகிரியில் இந்தக் கட்சி ஜெயித்தது’ என்ற செய்தியை வைத்து மலை என்ன சொன்னது என்று முடிவு கட்ட முடியாது. அவினாசியில் பனியன் கம்பெனிக்குப் போகிறவரின் ஓட்டும் கோத்தகிரியில் கொழுந்து பறிக்கிறவரின் ஓட்டும் ஒரே கூட்டலில் சேர்ந்துவிடுகின்றன.

படிவம் 20 சட்டமன்றத் தொகுதிவாரியாகத் தனித்தனிக் கோப்பாக இருக்கும். கோத்தகிரி குன்னூர் தொகுதியில் வருவதால் 110ஐ எடுங்கள். இடது ஓரத்தில் வாக்குச்சாவடி எண், அப்புறம் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம், வலது ஓரத்தில் நோட்டாவும் மொத்தமும். பெரும்பாலும் பொடி எழுத்துதான். அச்செடுத்து, ஒரு ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துப் படியுங்கள். ஒரு வரி மாறினால் பக்கத்து ஊர் ஓட்டு உங்கள் ஊர்க் கணக்கில் ஏறிவிடும். பல வருடம் வாக்கு எண்ணும் மேசையில் உட்கார்ந்த பழக்கத்தில் சொல்கிறேன், கண் அசதியில் அப்படி நடப்பது சகஜம்.

அந்தப் பட்டியலில் எண் மட்டும்தான் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்காது. அதனால் அதே தேர்தலுக்கான வாக்குச்சாவடிப் பட்டியலையும் சேர்த்து எடுங்கள். அதே தேர்தல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு சாவடியில் வாக்காளர் கூடிப்போனால் இரண்டாகப் பிரிப்பார்கள், உடனே பின்னால் வரும் எண்கள் எல்லாம் நகர்ந்துவிடும். 2019இல் ஒரு எண்ணில் இருந்த பள்ளிக்கூடம் 2024இல் வேறு எண்ணில் இருக்கலாம். எண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள், பள்ளிக்கூடத்தின் பெயரையும் அது எந்தத் தெருக்களைச் சேர்த்திருக்கிறது என்பதையும் வைத்து ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, வாக்குச்சாவடி வேறு, ஊர் வேறு. உங்கள் ஹட்டிப் பள்ளிக்கூடத்துச் சாவடியில் ஹட்டிக்காரர்கள் மட்டுமா ஓட்டுப் போட்டிருப்பார்கள்? பக்கத்துக் காலனி, எஸ்டேட் லைன் வீடுகள், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் குடும்பங்கள், சில இடங்களில் இருளர், குறும்பர் குடியிருப்பு எல்லாம் ஒரே சாவடியில் இருக்கும். ‘இந்தத் தெரு இவர்களுக்குத்தான் போட்டது’ என்று எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. சொல்லவும் கூடாது. சின்னச் சாவடிகளில் இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ஏழை மக்களை மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மனுவில் தனிச் சாவடியின் எண்ணைப் போடாதீர்கள். மூன்று மலைத் தொகுதிகளின் மொத்தம், வேண்டுமானால் கோத்தகிரி வட்டத்தின் மொத்தம், அது போதும்.

கூட்டிப் பார்க்கும்போது ஒன்று இடிக்கும். ஆறு தொகுதிகளின் இயந்திர ஓட்டைக் கூட்டினாலும் அறிவித்த மொத்தம் வராது, கொஞ்சம் குறையும். பயப்பட வேண்டாம், மீதி தபால் ஓட்டு. மக்களவைத் தேர்தலில் அதைத் தேர்தல் நடத்தும் அலுவலர் ஒரே இடத்தில் எண்ணுவதால் எந்தச் சட்டமன்றத் தொகுதியிலும் சேராது.

சரி, எண்கள் கைக்கு வந்துவிட்டன. இனி அவற்றைப் படிப்பதுதான் கஷ்டமான வேலை.

முதலில் வித்தியாசத்தை நம்பாதீர்கள். 2019இல் திமுகவின் ஆ. ராசா 5,47,832 ஓட்டு வாங்கி, அதிமுகவின் தியாகராஜனை 2,05,823 வித்தியாசத்தில் வென்றார். 2024இல் அவரே 4,73,212 வாங்கி, பாஜகவின் எல். முருகனை 2,40,585 வித்தியாசத்தில் வென்றார். வித்தியாசம் கூடியிருக்கிறது, ஓட்டோ 74,620 குறைந்திருக்கிறது. காரணம் எதிரே நின்றவர்கள் பிரிந்ததுதான். 2019இல் அதிமுகவும் பாஜகவும் ஒரே அணி, 3,42,009 ஓட்டு. 2024இல் தனித்தனியாக நின்று பாஜக 2,32,627, அதிமுக 2,20,230. கூட்டினால் 4,52,857. அதாவது முந்தைய தேர்தலைவிட 1,10,848 அதிகம். இதிலும் அவசரப்படக் கூடாது. 2019இல் அமமுகவும் மக்கள் நீதி மய்யமும் தனியாக நின்றன. 2024இல் முதலாவது பாஜக பக்கமும் இரண்டாவது திமுக பக்கமும் போய்விட்டன. கூட்டணி மாறும்போது ஓட்டு மூட்டை மூட்டையாக இடம் மாறிவிடாது, ஆனால் முன்னதையும் பின்னதையும் ஒரே தராசில் வைக்கவும் முடியாது.

இந்தத் தொகுதியில் கூட்டணியின் கனம் எவ்வளவு என்பதற்கு 1998, 1999 இரண்டையும் பாருங்கள். பாஜகவின் மாஸ்டர் மாதன் முதல் முறை அதிமுக அணியில் நின்று ஜெயித்தார், அடுத்த வருடமே திமுக அணியில் நின்று ஜெயித்தார். அந்த வெற்றிகளைத் தாமரையின் வெற்றி என்று மட்டும் எழுதினாலும் தப்பு, தாமரைக்கு இங்கே ஒன்றுமே இல்லை என்றாலும் தப்பு.

2014ஐ ஒப்பிட எடுத்தால் கூடுதல் கவனம் வேண்டும். அன்று அதிமுகவின் கோபாலகிருஷ்ணன் 4,63,700 வாங்கி 1,04,940 வித்தியாசத்தில் ராசாவைத் தோற்கடித்தார். பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடி ஆகிவிட்டதால் தாமரைச் சின்னமே இயந்திரத்தில் இல்லை. நோட்டாவுக்கு விழுந்தது 46,559. அந்தத் தேர்தலில் நாட்டிலேயே நோட்டா அதிகம் விழுந்த தொகுதி நம்முடையதுதான். நிற்க ஆள் இல்லாத கோபம் அதில் எவ்வளவு, இருந்தவர்கள் மேல் கோபம் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆகவே 2014இல் மலையில் பாஜகவுக்கு ஓட்டே இல்லை என்று யாராவது எழுதித் தந்தால் அந்தத் தாளை ஓரமாக வையுங்கள்.

எம்.பி. தேர்தலை எம்.எல்.ஏ. தேர்தலோடும் கலக்காதீர்கள். 2021இல் இந்த ஆறில் நான்கு தொகுதிகள் அதிமுகவிடம் இருந்தன, மலையில் கூடலூரும் அதில் ஒன்று. மூன்று வருடம் கழித்து மக்களவையில் அதே கட்சி மூன்றாம் இடம். மாநிலம் முழுக்கப் பார்த்தால், ஓட்டு இருந்தும் இடம் கிடைக்காமல் போவதும் உண்டு. 2014இல் நூற்றுக்கு 23க்கு மேல் ஓட்டு வாங்கிய திமுகவுக்கு ஒரு எம்.பி. கூட இல்லை. 2024இல் நூற்றுக்கு 20க்கு மேல் வாங்கிய அதிமுகவுக்கும் அதேதான். உங்களுக்கு இது நல்ல சேதி. தோற்ற கட்சிக்கும் மலையில் ஆயிரக்கணக்கில் ஓட்டு இருக்கிறது, அதை அவர்களுக்கே எடுத்துக் காட்டி விலையைப் பற்றிப் பேசலாம்.

தொகுதி மறுசீரமைப்புக்குப் பிறகு, 2009 முதல் இது பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. படுகர்கள் அந்தப் பட்டியலில் இல்லாததால், முன்பு இங்கே எம்.பி.யாக இருந்த அக்கம்மா தேவி, மாஸ்டர் மாதன் போலப் படுகர் ஒருவர் இங்கே நின்று எம்.பி. ஆவது இப்போது முடியாது. வேட்பாளர் நம் ஊர்க்காரரா இல்லையா என்ற பேச்சில் நேரம் போக்காமல், யார் வந்தாலும் அவர் முன்னால் எண்ணையும் கோரிக்கையையும் வைக்க இது இன்னொரு காரணம்.

மனுவை இரண்டாகப் பிரியுங்கள். தேயிலை வாரியம் மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் வருகிறது, அந்தப் பக்கம் எம்.பி.க்கும் மக்களவைக்கு நிற்க நினைக்கிறவர்களுக்கும். சிறு விவசாயிகளின் தேயிலைக் கூட்டுறவு இணையமான இன்ட்கோசர்வின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் மாநிலத்தின் கையில், அது எம்.எல்.ஏ.க்கு. இரண்டிலும் முதல் பக்கத்தில் நான்கு எண் போதும்: 108, 109, 110 ஆகியவற்றில் அந்தக் கட்சி 2024இல் வாங்கிய ஓட்டு, மூன்றின் மொத்தம். அதற்குக் கீழே, போன மாதம் கிலோவுக்கு உங்கள் கைக்கு வந்த விலை.