கொலுசு, இலை, காபிப் பழத்தை ஸ்கேன் செய்தால் ஏன் பாதி மங்குகிறது?

கேள்வி இது: சேலத்தில் வீடு, ஆல் இன் ஒன் பிரிண்டர். ஏற்காட்டிலிருந்து கொண்டுவந்த இலை, காபிப் பழம், வீட்டுக் கொலுசு எல்லாவற்றையும் கண்ணாடியில் வைத்து ஸ்கேன் செய்தால், தொடும் இடம் மட்டும் தெளிவு, மற்றது மங்கல். ஓரத்தில் வானவில் நிறம் வேறு.

தவறு உங்கள் கையில் இல்லை, சென்சாரில். இந்தப் பிரிண்டர்களிலும் கேனன் லைடு 300 போன்ற ஒல்லி ஸ்கேனர்களிலும் இருப்பது பெரும்பாலும் சிஐஎஸ் (கான்டாக்ட் இமேஜ் சென்சார்). கண்ணாடியை ஒட்டியே ஓடும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலே மங்கிவிடும். எப்சன் வி600 போன்ற தடித்த ஸ்கேனர்களில் முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஆடிகளும் லென்ஸும் வைத்த சிசிடி என்ற வேறு வகை சென்சார். அதில் இரண்டு மூன்று செ.மீ. உயரம் வரை உருவம் ஓரளவு நிற்கும். எது என்று தெரியவில்லையா? பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றின் ஒரு முனையைக் கண்ணாடியிலும் மறுமுனையைத் தீப்பெட்டி மேலும் வைத்து, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஒரு ஸ்கேன் போடுங்கள். கோடுகள் எந்த இடத்தில் கரைகின்றனவோ அதுதான் உங்கள் எல்லை. படம் பண்ணுவதற்கென்றே வாங்குவதாக இருந்தால் பழைய சிசிடிதான் சரி. புதிய ஒல்லி ஸ்கேனருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

சிஐஎஸ்ஸை வைத்தே செய்வதென்றால் தட்டையான பொருளுக்குப் போங்கள். காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் உதிர்ந்த இலை இதற்கென்றே படைத்தது போல இருக்கும். வெள்ளி மினுங்கும் அடிப்பக்கம் கண்ணாடியைப் பார்க்கட்டும். உருண்டைக் காபிப் பழம் ஒரு புள்ளியில்தான் தொடும். பிளேடால் பாதியாக நறுக்கி வையுங்கள், கொட்டையும் தோலும் சேர்ந்து விழும்.

மூடியை மூடாதீர்கள், பூ நசுங்கும், பின்னணியும் வெளுக்கும். இரவில் டியூப் லைட்டை அணைத்துவிட்டு, உள்ளே கறுப்பு வெல்வெட் ஒட்டிய செருப்புப் பெட்டியைக் கவிழ்த்தால் பின்னணி கன்னங்கரேல் என்று வரும். கடைவீதியில் அரை மீட்டர் வெல்வெட் போதும். கறுப்பு சார்ட் பேப்பர் வேண்டாம், அது சாம்பலாகத்தான் தெரியும்.

இனி கொலுசு. சிஐஎஸ்ஸில் சிவப்பு, பச்சை, நீல எல்இடிகள் ஒவ்வொரு வரிக்கும் மாறி மாறி எரியும். மூன்றுக்கும் நடுவே ஹெட் (சென்சாரைச் சுமந்து ஓடும் பட்டை) துளி நகர்ந்துவிடுவதால், வெள்ளி பளிச்சிடும் விளிம்பில் மூன்று நிறமும் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது. நீங்கள் பார்த்த வானவில் அதுதான். கொலுசைப் 15, 20 டிகிரி திருப்பிப் பாருங்கள். அப்படியும் போகாவிட்டால் கிரேஸ்கேலில், அதாவது நிறமில்லாமல் கறுப்பு வெள்ளையில், எடுங்கள். வெள்ளிக்கு அது நஷ்டமில்லை. இன்னொரு சிக்கல், சலங்கை மணிகள் கரி உருண்டை போலத் தெரிவது. வெள்ளி தன்னைச் சுற்றி இருப்பதைத்தான் காட்டும். சுற்றிலும் வெல்வெட் இருந்தால் வெல்வெட்டைக் காட்டும். இரண்டு செ.மீ. உயரத்தில் வெள்ளைத் தாளை வளையமாகச் சுற்றி நிறுத்தினால் மணிகளுக்கு விளிம்பு வரும். முகப்பு, திருகாணிப் பக்கம் தடிப்பு என்பதால் மங்கத்தான் செய்யும், விட்டுவிடலாம்.

ஈரம்தான் ஸ்கேனருக்கு எமன். பனியில் பறித்த இலையைச் செய்தித்தாளுக்குள் கால் மணி நேரம் வைத்த பிறகே எடுங்கள். கண்ணாடி ஓரம் வழியாகத் தண்ணீர் இறங்கினால் துடைக்க வழி கிடையாது. மல்கோவாத் துண்டு வைக்க ஆசைப்பட்டால் அடியில் ஓஹெச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) விரித்து நாலு பக்கமும் செல்லோடேப் ஒட்டுங்கள். ஷீட் கண்ணாடியோடு ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப் படலம் போல வளையங்கள் தெரிந்தால், ஷீட்டின் ஓரத்துக்கு அடியில் சாதாரண ஏ4 தாளின் கீற்றை வையுங்கள். அந்த 0.1 மி.மீ. இடைவெளி போதும்.

இதெல்லாம் அசையாத படம். ஸ்கேனரின் உண்மையான விளையாட்டு அசைவில் இருக்கிறது. கேமரா முழுக் காட்சியையும் ஒரே நொடியில் பிடிக்கும். ஸ்கேனர் வரி வரியாகப் படிக்கும், மேல் வரியும் கீழ் வரியும் வேறு வேறு நேரம். ஏ4 நீளம் 297 மி.மீ. அதைப் பத்து விநாடியில் ஹெட் கடந்தால் வேகம் விநாடிக்குச் சுமார் 30 மி.மீ. ஆறு செ.மீ. இலையை அதே திசையில் 15 மி.மீ. வேகத்தில் இழுத்தால் படத்தில் 12 செ.மீ. ஆகும், எதிர்த்திசையில் இழுத்தால் 4 செ.மீ.யாகச் சுருங்கும். ஹெட்டின் வேகத்திலேயே இழுத்தால் இலை போய் வெறும் கோடுகள் மிஞ்சும். பக்கவாட்டில் ஆட்டினால் அலை. கையால் இழுத்தால் வேகம் ஒழுங்காக வராது. இலையை ஒரு தாள் பட்டையில் ஒட்டி, ஸ்கேலை ஓரத்தில் பிடித்து, அதை ஒட்டி இழுங்கள்.

இதற்கு 150 அல்லது 300 டிபிஐ போதும். 1200 வைத்தால் ஏ4 வண்ணப் படம் ஒன்றே, சுருக்காத நிலையில், 400 எம்பியைத் தாண்டும். அவ்வளவையும் கம்ப்யூட்டரால் உடனுக்குடன் உள்வாங்க முடியாமல் ஹெட் நடுவில் நின்று பின்வாங்கி மறுபடி ஓடும், அந்த இடத்தில் அலை வெட்டுப்படும். ஆட்டோ எக்ஸ்போஷர், ஆட்டோ கிராப் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கறுப்புப் பின்னணியைச் சாம்பலாக்கி, இலையின் நுனியை வெட்டிவிடும்.

படத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே நேர்கோடு ஓடினால் அது கண்ணாடி மேலிருக்கும் தூசி இல்லை. அங்கே இருந்தால் புள்ளியாகத்தான் விழும். ஹெட் கிளம்பும் இடத்தில், கண்ணாடிக்கு அடியில், ஸ்கேனர் வெள்ளை நிறத்தை அளந்துகொள்ளும் பட்டையில் தூசி. முதலில் அந்த ஓரத்துக் கண்ணாடியை மேலே துடைத்துப் பாருங்கள், போகாவிட்டால்தான் ஸ்குரூடிரைவர்.